ஈயம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் கழுதையும் பேசும், கல்லும் பேசும், உலோகங்களும் பேசும். எல்லாவற்றிலும் பெரிய வாயாடி ஈயம்தான். ஒரு தட்டுத் தட்டினால் போதும், வெண்கல மணிபோல் கணீரென்று ஒலித்து ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிடும். அதன் காதுபட யாரும் ரகசியம் பேசுவதில்லை.

கிழக்கு ரோமப் பேரரசின் கடலோரத்தில் ஒரு பெண்கள் மடம் இருந்தது. அதன் தலைவி தெக்லாவுக்கு மட்டும் ஈயத்தின் மேல் கொள்ளைப் பிரியம். ஓர் ஈயக்கட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது அளப்பதைக் கேட்டுச் சிரித்தபடியேதான் வேலை பார்ப்பாள்.

அந்த மடத்தில் அந்தூசா என்ற பெண் அடைக்கலம் புகுந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். அவளுடைய திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் பர்தாஸ், அவளைத் தன் குடிகாரக் கூட்டாளிக்குக் கட்டிவைக்கத் துடித்தான். அவன் ஆட்களோடு வருவது தெரிந்ததும், தெக்லா அவளைப் படகில் ஏற்றி, கரையோர மலைமேல் இருந்த இன்னொரு பெண்கள் மடத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் ஒரு மடத்துத் தலைவியின் முத்திரைக் கடிதம் இல்லாமல், முன்பின் தெரியாத பெண்ணை அங்கே எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்?

கடிதம் எழுதியாயிற்று. முத்திரைக்கு என்ன செய்வது? மெழுகு வெயிலில் உருகிவிடும். வெள்ளியோ, முத்திரை பதிக்கும் இடுக்கிக்கு வளைந்து கொடுக்காது. மிச்சம் இருந்தது ஈயம்தான்.

"வாயைக் கட்டிக்கிட்டு இருப்பியா?" என்று தெக்லா கேட்டாள்.

"ஒரு வார்த்தை வெளியே விடமாட்டேன் அம்மா. நேத்து சமையல்கட்டுல நடந்ததைக்கூட யார்கிட்டயும் சொல்லல. அது என்னன்னா..."

"போதும் கண்ணு."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் கட்டியிலிருந்து ஒரு வட்ட வில்லையை வெட்டித் துளையிட்டாள். கடிதத்தைக் கட்டிய நூலை அதன் துளையில் நுழைத்து, இடுக்கியில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். ஒரு முகத்தில் தேவமாதா, மறுமுகத்தில் 'உன் அடியாள் தெக்லாவுக்குத் துணை செய்' என்ற எழுத்து. கடிதத்தைக் கழுதையின் கழுத்தில் கட்டி அனுப்பிவிட்டு, கோயிலுக்குள் போய் மண்டியிட்டாள்.

கழுதை பதிலோடு திரும்பி வந்தது. அந்தூசா பத்திரம் என்று மலைமடத்துத் தலைவி எழுதியிருந்தாள்.

"வழியில பர்தாஸ் மறிச்சான் அம்மா" என்றது கழுதை. "முத்திரையை உடைச்சா பாவம்னு பயந்தான். தட்டினா பாவமில்லைன்னு கத்திப்பிடியால தட்டினான். 'உள்ளே அந்தூசா பேரு இருக்கா?'ன்னு கேட்டான். ஈயத்துக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. அப்படியே முழுங்கிடுச்சு. மறுபடி மறுபடி தட்டினான். தொப்புதொப்புன்னு சத்தம்தான் வந்துச்சு. 'இந்த வாயாடியே சும்மா இருக்குன்னா உள்ளே ஒண்ணுமில்ல'ன்னு போயிட்டான்."

தெக்லா தன் அறைக்கு ஓடி, அங்கிருந்த ஈயக்கட்டியைத் தட்டினாள். தொப் என்றது. கடிதத்திலிருந்த அந்த ஒரே வில்லை விழுங்கிக்கொண்ட குரல், ஈயக்குலம் முழுவதற்கும் திரும்பி வரவில்லை.

"சமையல்கட்டுல என்ன நடந்துச்சு? இப்போ சொல்லு கண்ணு" என்று கெஞ்சிக் கேட்டாள். கட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அன்று முதல்தான் மடத்துத் தலைவர்கள் தங்கள் கடிதங்களை ஈயத்தை நம்பி ஒப்படைக்கத் தொடங்கினார்கள். அன்று முதல்தான் ஈயத்தைத் தட்டினால் தொப் என்கிறது. அந்தப் பெண் எங்கே போனாள் என்று அது இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.