கொடியில் காய்ந்த ஒற்றன்

முதல் உலகப் போர் சமயம். ஆப்பிரிக்காவில், கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் ஆங்கிலேயப் பட்டாளம். எதிர்க் குன்றில் ஜெர்மன்காரர்கள். பட்டாளம் கிளம்புகிற நாளாகப் பார்த்துப் பாதையில் குண்டு விழுந்தது. எவனோ துப்புக் கொடுக்கிறான்!

மேஜர் பிளிம்டன், மதராஸிலிருந்து கூட வந்த சலவைக்காரன் கொளஞ்சியைப் பிடித்து நிறுத்தினார்.

"என் கூடாரத்துக்குள் வந்துபோகிறவன் நீதான். நாளைக்குள் ஒற்றனைக் காட்டு. இல்லாவிட்டால் உன்னைச் சுட்டுவிடுவேன்!"

"காட்டுறேன் தொரை. நாளைக்குப் பட்டாளம் எங்கயும் போகவேணாம், அது போதும்."

விடிந்ததும் கொளஞ்சி மேஜரின் உடுப்புக்கு மொடமொடவென்று கஞ்சி போட்டு, மேட்டில் கொடி கட்டி விரித்துவிட்டான். மத்தியானம் டமார்! டமார்! ஆளில்லாத பாதையில் குண்டு மழை.

மேஜர் பதறி ஓடிவந்தார். "நான் உத்தரவே போடவில்லையே! யார் சொன்னது?"

கொளஞ்சி கொடியைக் காட்டினான். "கிளம்புற அன்னைக்கு மட்டுந்தானே கஞ்சி போடச் சொல்லுவீங்க? தூரக்கண்ணாடியில அவங்க பாக்குறது இதைத்தான். இப்ப யாரைச் சுடப்போறீங்க தொரை?"

மறுநாள் கொடி காலியாகக் கிடந்தது. ஒரு குண்டும் விழவில்லை. பட்டாளம் ஜம்மென்று பாதையைக் கடந்தது. முன்னால் மேஜர் போனார், கசங்கிய அழுக்கு உடுப்போடு.