வானத்துக் கல்லோடு பேசிய ஆள்காட்டி

கல்லுக்கும் பறவைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மரமே இல்லாத ஒரு பொட்டலில் ஆள்காட்டிக் குருவி ஒருத்தி வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்துவந்தாள். அப்போது அவள் முகம் முழுக்கக் கறுப்பு. வாய் திறந்து பேசவே கூச்சப்படுவாள்.

ஒரு நாள் நடுப்பகலில் வானத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மறுநாள் அது மிளகளவு இருந்தது. மூன்றாம் நாள் புளியங்கொட்டை அளவு.

"கல் விழப்போகிறது! உலகம் இத்தோடு சரி!" என்று நரி ஊளையிட்டது.

முயலும் உடும்பும் மயிலும் மலைக்குகைக்கு ஓடின. மனிதர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் நின்று, "நீயும் வந்துவிடு, தாயி" என்றாள். ஆள்காட்டி தன் வயிற்றுக்குக் கீழே பார்த்தாள். அந்தப் பெண்ணும் புரிந்துகொண்டு போய்விட்டாள்.

கணவன் சிறகை விரித்தபடி நின்றான். "கிளம்பு. முட்டை பிறகு இட்டுக்கொள்ளலாம்."

"உள்ளே அசைகிறது. குனிந்து கேட்டுப் பாருங்கள்."

அவன் குனியவில்லை. பறந்துவிட்டான்.

அதன்பின் பொட்டலில் எறும்பு ஊரும் ஓசைகூட இல்லை. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் கல் விழுந்துவிடும் என்று தோன்றியது. இரண்டு நாள் வானத்தையே பார்த்ததில் கண்ணோரம் எரிந்து, சிவந்து, வீங்கியது.

அதற்கு அடுத்த நாள் கல்லின் நிழல் பொட்டலை மூடியது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் கத்தினாள்.

"யார் அது? ஏன் இங்கே வருகிறாய்?"

"என்னையா கேட்கிறாய்?" என்றது கல். "எத்தனையோ முறை இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். நீ ஒருத்திதான் இருந்தாய். உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று இறங்கினேன்."

"நீ உட்கார்ந்தால் என் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்."

"எத்தனை பேர்?"

"நான்கு."

கல் கேட்டது: "எனக்கு நிற்கத் தெரியாது. விலகத்தான் முடியும். விலகிப் போனால் அப்புறம் என்னோடு யார் பேசுவார்கள்?"

"நான் கூப்பிடுகிறேன். நீ எப்போது வந்தாலும் கேட்கும்படி கூப்பிடுகிறேன். இறங்கிமட்டும் வராதே."

கல் முழுப்பலத்தோடு திரும்பியது. அதன் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து எரிந்து விழுந்தது. காற்று பொட்டலையே புரட்டியது. அவள் சிறகை விரித்து முட்டைகள்மேல் கவிழ்ந்துகொண்டாள். நிமிர்ந்தபோது வானம் காலியாக இருந்தது.

மறுநாள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"கல் நம்மேல் வரவே இல்லை. எல்லாம் நரி கிளப்பிய புரளி" என்று சிரித்தார்கள்.

கணவன் வந்தபோது நான்கு குஞ்சுகளும் பொரிந்திருந்தன. அவன் தலைகுனிந்து நின்றான். அவள் சண்டை போடவில்லை. குஞ்சுகள் உறங்கிய பிறகு தனியாக நடந்துபோய், வானத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தாள்.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டியின் கண்ணோரம் சிவந்திருக்கிறது. எது அருகில் வந்தாலும், இரவு பகல் பாராமல், அது யார் யாரென்று கத்துகிறது. வானத்துக் கற்களும் பூமிக்குப் பக்கத்தில் வந்து, ஒரு நொடிகூட நிற்காமல், விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன.