அண்டாவில் வீற்றிருந்த ராஜா

ஒரு காலத்தில் செம்பாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைப் பூவராகன் என்ற ராஜா ஆண்டுவந்தான். சண்டையைவிட, வேட்டையைவிட, அவனுக்கு உட்காருவதில்தான் பெருமை. காலையில் சிங்காதனத்தில் ஏறினால் விளக்கு வைக்கும் வரை இறங்கமாட்டான். அது கருங்கல் சிங்காதனம். மெத்தை போடலாமா என்று கேட்டவர்களை முறைத்துப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. உடைந்தது, ஆறியது போலிருந்தது, மறுபடி வந்தது. அரண்மனை வைத்தியர் மருந்தீசர் பார்த்துவிட்டு, இது பவுத்திரம், உள்ளே சுரங்கம் மாதிரி வழி விழுந்திருக்கிறது, அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அறுத்தார். அறுத்த புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டார்.

ராஜாவுக்குக் கோபம். கிழிந்த வேட்டியைக்கூடத் தைக்கிறார்கள், என்னை ஏன் தைக்கவில்லை என்று கேட்டான்.

"வாய் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே சீழ் தங்கிவிடும் பிரபு," என்றார் வைத்தியர். "அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். மெதுவாகத்தான் வரும். அவசரப்பட்டால் நான் மறுபடி கத்தியோடு வரவேண்டியிருக்கும்."

கத்தி என்றதும் ராஜா அடங்கிவிட்டான். வெளிக்குப் போய்வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய அண்டாவில் உட்காரவேண்டும். கீரையும் பழமும் தின்று, தண்ணீர் நிறையக் குடித்து, முக்காமல் போகவேண்டும். குதிரை கூடாது. கல் சிங்காதனம் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ராஜா, விஷயம் மந்திரி அம்பலத்தாடியைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தான்.

அதனால் சபையில் ராஜா நின்றான். ராஜா நிற்கும்போது யார் உட்காருவது? சபையே நின்றது. புலவர்களுக்குக் கால் வீங்கியது. புரோகிதர் தூணில் சாய்ந்து நின்றபடியே குறட்டை விட்டார். நாட்டு நன்மைக்காக மகாராஜா நின்ற விரதம் இருக்கிறார் என்று மந்திரி அறிவித்தார். ஜனங்கள் உருகிப்போய், வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள்.

தளவாய் சேதிராயன் மட்டும் நம்பவில்லை. அவனுக்கு மந்திரிமேல் பொறாமை, சிங்காதனத்தின்மேல் ஆசை. தூசி தட்டுகிற சாக்கில் அந்தக் கல்லை அடிக்கடி தடவிப் பார்ப்பவன். அண்டாவுக்கு வெந்நீர் சுமப்பவனுக்கு ஒரு பட்டு வேட்டி கொடுத்து உண்மையைத் தெரிந்துகொண்டான்.

அந்தச் சமயத்தில் மேட்டு நாட்டிலிருந்து லிங்கண்ணர் என்ற தூதர் வந்தார். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட மேட்டு நாடு சம்மதித்தால்தான் செம்பாற்று நாட்டில் நெல் விளையும். உடன்படிக்கைக்கு முந்தின நாள் சபையில் தளவாய் தேன் ஒழுகப் பேசினான். சிங்காதனத்தில் வீற்றிருந்து முத்திரை வைப்பதுதான் வழக்கமாம். மகாராஜாவின் விரதத்துக்குப் பங்கம் வரவேண்டாமாம். உட்காரத் தெம்புள்ள வேறு யாராவது அன்று ஒரு பொழுது உட்காரலாமாம்.

"நானே உட்காருகிறேன்," என்றான் ராஜா.

சபை கலைந்ததும் வைத்தியர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இப்போதுதான் சதை ஊறிவருகிறது, கிழிந்தால் பட்டபாடு எல்லாம் வீண் என்றார். ஊர் வயல் காய்வதைவிட என் புண் கிழியட்டும் என்று ராஜா சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. மந்திரி, தூதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விருந்தினர் மாளிகைக்குப் போனார்.

மறுநாள் சபை கூடியபோது சிங்காதனத்துக்கு முன்னால் ஒரு பெரிய அண்டா ஆவி பறக்க இருந்தது. அதற்குள் இடுப்பளவு தண்ணீரில், பட்டும் கிரீடமுமாக ராஜா வீற்றிருந்தான்.

"தண்ணீருக்கான உடன்படிக்கை," என்றார் மந்திரி. "தண்ணீரில் உட்கார்ந்து செய்வதுதானே முறை?"

தளவாயால் பொறுக்க முடியவில்லை. "முறையுமில்லை, விரதமுமில்லை. ராஜாவுக்குப் பின்புறத்தில் புண். உட்கார முடியாதவரோடு உடன்படிக்கை செய்யப்போகிறீர்களா தூதரே?"

ராஜா நிமிர்ந்தான்.

"ஆமாம், பவுத்திரம். அறுத்திருக்கிறது. ஆறிக்கொண்டிருக்கிறது."

லிங்கண்ணர் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இந்தச் சூடு போதுமா மகாராஜா? எங்கள் வைத்தியர் இன்னும் சற்றுக் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறார்."

மந்திரி கைகாட்டத் திரை விலகியது. அங்கே இன்னொரு அண்டா தயாராக இருந்தது. தூதர் தலைப்பாகையோடு அதில் இறங்கி, ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து விடாத ஒரு பெருமூச்சை விட்டார். இருவரும் எந்தக் கீரை நல்லது, எந்தப் பழம் இளக்கும் என்று வெகுநேரம் பேசினார்கள். தண்ணீர் விஷயம் நடுவில் தானாக முடிந்துவிட்டது. உடன்படிக்கை ஓலை தாம்பாளத்தில் மிதந்து ஒரு அண்டாவிலிருந்து மற்றதற்குப் போய், முத்திரையோடு திரும்பியது.

தூதர் போனபின், அவருக்கும் இதே புண் என்று எப்படி ஐயா கண்டுபிடித்தீர் என்று ராஜா கேட்டான்.

"பல்லக்கை வெறுமையாகத் தூக்கச்சொல்லிப் பின்னால் நடந்தே வந்திருக்கிறார் பிரபு. விருந்தில் கறியை ஒதுக்கிவிட்டுக் கீரை கேட்டார். ஊஞ்சலைக் காட்டினேன், பின்வாங்கினார்."

என்ன பரிசு வேண்டும் என்றதற்கு, சபை உட்கார உத்தரவு வேண்டும் என்றார் மந்திரி. உத்தரவு கிடைத்தது. எல்லோரும் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்தார்கள்.

தளவாய் மட்டும் நின்றான். ராஜா அவனைச் சிறையில் போடவில்லை.

"சிங்காதனம் காலியாக இருக்கக்கூடாது என்று கவலைப்பட்டாய். என் புண் ஆறும்வரை அதில் நீயே உட்கார். காலையில் ஏறினால் விளக்கு வைத்தபிறகுதான் இறங்கவேண்டும்."

முதல் நாள் தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த நாள் முறுக்கவில்லை. போகப்போக ஒரு பக்கமாகச் சாய்ந்தான், பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தான். தினமும் சபை முடிந்ததும் வைத்தியரிடம் போய், மகாராஜாவுக்கு எவ்வளவு ஆறியிருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தான். இன்னும் அடிச்சதைதான் வளர்கிறது, அவசரப்படக்கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

அறுவடை நெருங்கும்போது ராஜாவின் புண் அடியிலிருந்து மேல்வரை சுத்தமாக ஆறியது. அன்று ராஜா தானே ஒரு பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து கல்மேல் போட்டு உட்கார்ந்தான். தளவாய் கும்பிட்டுவிட்டு, காலை அகட்டி அகட்டி நடந்து வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் தளவாய் வீட்டிலிருந்து ஒரு ஆள் அரண்மனைக்கு வந்தான். மகாராஜாவுக்கு இனி அந்த அண்டா தேவையில்லை என்றால் தளவாய்க்குக் கொஞ்ச நாள் இரவல் கிடைக்குமா என்று கேட்டான்.