கரிச்சான் ராஜாவின் குரலை எடுத்த நாள்

இந்தக் கதையை விடுதியில் அறைத்தோழி சொன்னாள். அவளுக்கு அவளுடைய சித்தப்பா சொன்னாராம். நடுவில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசின. செம்பருந்துதான் ராஜா. ஏரியின் அக்கரையும் தனக்கே வேண்டுமென்று ஓயாமல் போர் தொடுத்தார். போருக்குப் போனவை புறாக்களும் மைனாக்களும். பருந்துக் குஞ்சுகள் கூட்டிலிருந்தே மீன் தின்றன.

சபையைச் சிரிக்க வைப்பது இரட்டைவால் கரிச்சான் குருவியின் வேலை. எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடும். ஒரு நாள், களத்தில் அடிபட்ட புறா ஒன்று "அம்மா, அம்மா" என்று நொண்டி ஓடியதை நடித்துக் காட்டியது. ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டேய் கரிச்சான், நாளைக்குப் படை கிளம்பும்போதும் இதையே செய். ஓடி வர நினைக்கிறவனுக்கு மானம் போகட்டும்!"

சபை கலைந்ததும் ஒரு மணிப்புறா தயங்கியபடி வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தக் குரலை இன்னொரு தடவை எடுப்பீங்களா?"

"ஏம்மா, அவ்வளவு சிரிப்பா இருந்துச்சா?"

"இல்லைங்க. அது என் மூத்தவன் குரல். அவன் திரும்பி வரலை. சின்னவனை நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்க. போறதுக்கு முன்னாடி அண்ணன் குரலை ஒரு தடவை கேட்டுக்கட்டும்."

கரிச்சான் வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் இலைகளுக்குள் புகுந்துகொண்டது.

மறுநாள் படை அணிவகுத்தது. சின்னப் புறா முதல் வரிசையில் நின்றது.

"ம், ஆரம்பி" என்றார் ராஜா.

கரிச்சான் ராஜாவின் குரலையே எடுத்தது.

"வீரர்களே! நீங்கள் முன்னால் போய்ச் சாகுங்கள், நான் பின்னால் நின்று அழுகிறேன். அழுதால் எனக்குப் பசிக்கும். விழுந்தவர்களை நானே தின்றுகொள்கிறேன். என் பிள்ளைகளா? பாவம், அவர்களுக்குச் சளி!"

ஒரு மைனா களுக்கென்றது. பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்த படை போருக்கு நகரவில்லை. கலைந்து வீடு திரும்பியது. ராஜா சீறிக்கொண்டு சின்னப் புறாவின் மேல் பாய்ந்தார். கரிச்சான் அவர் முதுகில் ஏறிக் கொத்தியது. கொத்திக் கொத்தி ஏரிக்கு அப்பால் துரத்தியது.

மணிப்புறா கையெடுத்துக் கும்பிடாத குறை.

"நன்றி மட்டும் சொல்லாதீங்கம்மா" என்று கரிச்சான் தலை குனிந்தது. "மூத்தவனை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சதும் இதே வாய்தான்."

புறா சின்னவனைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு, "உங்க மரத்துல எங்களுக்கு ஒரு கிளை விடுங்க" என்றது.

அன்று முதல்தான் கரிச்சான் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. கதையை நம்பிவிடக் கூடாதென்று பறவை நூல்களில் தேடிப் பார்த்தேன்: கரிச்சான் கூடு கட்டும் மரத்தில் புறாக்களும் கூடு கட்டுவது உண்மைதான்.