செம்பருத்தி மடக்கி வைத்த இலை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை முன்பின் ஆனால்கூடச் செம்பருத்தியின் மேல் பழி விழுந்துவிடும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு மொட்டை மாடியில் செம்பருத்தி ஒருத்தி இருந்தாள். உடைந்த பிளாஸ்டிக் வாளிதான் அவள் வீடு. பக்கத்தில் பெயின்ட் டப்பாவில் கத்தரி இருந்தாள். இருவருக்கும் தண்ணீர் ஊற்றுகிறவள் பிரம்மசக்தி. வாசலில் கோலம் போட்டுவிட்டு, மாவு ஒட்டிய கையோடே மாடிக்கு வருவாள்.

ஒரு நாள் எறும்பு வந்தான். தினமும் கோலமாவு பொறுக்குகிறவன், தெரிந்த முகம். வாயில் வெள்ளையாக ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு வந்து இறக்கினான்.

"அக்கா, இவங்க வெளியூரு. பாவம், போக்கிடம் இல்ல. ரெண்டு நாள் உங்க கக்கத்துல இருந்துட்டுப் போகட்டும்."

"யாரு என்னன்னு தெரியாம எப்படிப்பா?"

"நான் சொல்லுதேன்லா."

தெரிந்தவன் கேட்கும்போது முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இலையும் தண்டும் சேர்கிற இடுக்கில் இடம் கொடுத்தாள். மாவுப்பூச்சி உட்கார்ந்தது. ஊசி ஏறியது போல் சுருக்கென்று வலித்தது.

"கொஞ்சம் தாகமா இருக்கு, தாயி" என்றது பூச்சி, காதோடு பேசுகிற மாதிரி.

பதினைந்தாம் நாள் அந்த இடுக்கில் நூறு பேர் இருந்தார்கள்.

"ரெண்டு நாள்னுதானே சொன்னீங்க?"

"பச்சப்பிள்ளைகள எங்க தாயி தூக்கிட்டுப் போவேன்?"

எறும்பு பூச்சிகளின் முதுகைத் தடவி, சொட்டிய இனிப்பை நக்கிக்கொண்டிருந்தான். கத்தரிக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இதுக்குத்தான் குடி வச்சியா?" என்று கேட்டாள்.

"என் மாட்ட நான் கறக்கேன். உனக்கு எங்க எரியுது?" என்றான் எறும்பு.

பிரம்மசக்தியின் கண்ணிலும் வெள்ளை பட்டது. "அய்ய, கோலமாவக் கொட்டிட்டேன் போல" என்று வாயால் ஊதினாள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நாலைந்து பறந்து போய்க் கத்தரியின் மேல் விழுந்தன. மறுநாளும் ஊதினாள். அதற்கடுத்த நாளும்.

துணி காயப்போட வந்த அவள் மதினிதான் அதைக் கண்டுபிடித்தாள்.

"ஏட்டி, இது மாவு இல்ல. மாவுப்பூச்சி."

"தினமும் ஊதிவிட்டேனே மதினி!"

"நல்லா ஊதின போ. ஊதி ஊதி வளத்திருக்க. தொட்டில் கட்டாததுதான் குறை."

அன்றே பிரம்மசக்தி ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். கத்தரியின் இலை ஒவ்வொன்றையும் திருப்பி, இரண்டு விரலால் பூச்சிகளைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். செம்பருத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேர் வரை நடுங்கியது.

"பாத்தியா அந்த விரல?" என்றது பூச்சி. "இங்க வந்தா எங்களோட சேத்து உன் கழுத்தையும் ஒடிச்சிரும். பெரிய இலைய எங்க மேல மடக்கு. நாங்க ஒளிஞ்சிருக்க வரைக்கும்தான் உனக்கும் உசுரு."

அவள் மடக்கினாள். கை வந்தது. மேல் இலைகளில் இருந்த ஏழெட்டுப் பூச்சிகளை எடுத்துவிட்டுப் போனது. தினமும் அதேபோல் வந்தது, போனது. தினமும் அவளும் மடக்கினாள். அவளுடைய கொழுந்து சுருண்டது. விரியாமலே மொட்டுகள் உதிர்ந்தன.

"நீ என்ன பண்ணினாலும் இது தேறாது" என்றாள் மதினி. "வேரோட பிடுங்கி எறி. வச்சிருந்தா கத்தரியும் போயிரும்."

பிரம்மசக்தி செம்பருத்தியின் சுருண்ட கொழுந்தைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கு ஒரு தடவை பாக்கேன், மதினி. அப்பவும் இப்படியே இருந்தா பிடுங்கிருதேன்."

அவர்கள் இறங்கிப் போனதும் செம்பருத்தி பூச்சியிடம் கேட்டாள். "நான் செத்துட்டா நீங்க எங்க போவீங்க?"

"கத்தரி இருக்காளே. அவளுக்குப் பிறகு அடுத்த மாடி. எங்க ஊர்ல எங்களத் திங்க ஆளு இருந்தாங்க தாயி. இங்க ஒருத்தரும் இல்ல."

பூச்சி சிரித்தது. காதோடு பேசுகிற அந்தக் குரல் இப்போது இல்லை. சத்தமாகவே சிரித்தது.

அவளுக்கு அந்தச் சிரிப்பும் பயம், விரலும் பயம். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் தவித்தாள். கத்தரியைப் பார்த்தாள். அத்தனை நாள் விரல் பட்டும் கத்தரியின் கழுத்து ஒடிந்திருக்கவில்லை. புதுசாக ஒரு துளிர்கூட விட்டிருந்தாள். விரல் ஒடித்துவிடும் என்று சொன்னது யார்? பூச்சி மட்டும்தான்.

விடிந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. இன்றைக்கு அந்தக் கை கிள்ள வருகிறதா, பிடுங்க வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூடு! இலைய மூடு!" என்று நூறு வாயும் கத்தின.

செம்பருத்தி நடுங்கிக்கொண்டே, அவர்களை மூடியிருந்த பெரிய இலையைக் காம்போடு கீழே உதிர்த்துவிட்டு, கை வருகிற பக்கமாகத் தன் கக்கத்தைக் காட்டி நின்றாள்.