மரம், கட்டை, விறகு

பொதிகை அடிவாரத்து மடமொன்றில் வடிவம்மைதான் குரு. சீடர் ஆவுடையப்பர் அவரைவிட வயதில் மூத்தவர். துறவுக்கு முன் சந்தனமும் அகிலும் தரம் பிரித்தவர். ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அது எந்த மலையில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவார்.

விடியலில் குரு தியானத்தில் அமரும்போது அகில் புகைப்பது அவர் பொறுப்பு. ஒவ்வொரு துண்டையும் மூச்சை ஆழ இழுத்து முகர்ந்த பிறகே தணலில் இடுவார். அம்மையின் கண்கள் மெல்ல மூடும், முகம் மலரும். அதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு நிறைவு.

ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இனி முகர்ந்து என்ன ஆகப்போகிறது என்று, கைக்கு வந்த துண்டைத் தணலில் போட்டார். அம்மை கண்ணை மூடவில்லை. மறுநாளும் மூடவில்லை.

மட்டமான கட்டையைப் போட்டுவிட்டோம் என்று மனம் உடைந்து மூட்டையைக் கட்டினார்.

"எங்க கிளம்பிட்டீரு?"

"மூக்கு செத்துப்போச்சு, அம்மா. மர வாசம், கட்டை வாசம், விறகு வாசம்னு வெறும் பேருதான் வாயில மிச்சம். எல்லாம் ஒண்ணாயிட்டு. இனி நான் இங்க எதுக்கு?"

"மூணும் ஒண்ணா? மர வாசம்னா என்ன, சொல்லும்."

வேதனையில் கிடப்பவனிடம் விளையாட்டா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னார்.

"மழை விட்டதும் மரத்தடியில போய் நிக்கணும். ஊறின பட்டைக்குள்ள தண்ணி ஏறுற வாசம். மரம் உயிரோட இருந்தாத்தான் அது."

"கட்டை?"

"வெட்டி, நிழல்ல போட்டு, ஈரமெல்லாம் போன பெறவு வரும். எங்க வீட்டுத் தொட்டில் அப்படித்தான் மணக்கும். பிள்ளையைத் தூக்கினா அது முதுகுலயும் ஒட்டியிருக்கும்."

"விறகு?"

ஆவுடையப்பர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"எரியுறதுக்கு முன்னாலயே அதுல ஒரு காரம் இருக்கும். என் வீட்டுக்காரி சிதைக்கு நான்தான் அடுக்கினேன். ஆத்துல குளிச்சும் கையை விட்டுப் போகல."

நிமிர்ந்து பார்த்தார். அம்மையின் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. கண்கள் நிறைந்திருந்தன.

"இத்தனை இருக்கா அதுல!" என்றார் அம்மை. "பிறந்ததுலேர்ந்து எனக்கு மோப்பம் கெடையாது, ஆவுடையப்பரே. பூவும் தெரியாது, புகையும் தெரியாது."

மூட்டை தோளிலிருந்து நழுவி விழுந்தது. எத்தனை விடியல்கள், எத்தனை அகில் துண்டுகள்!

"அப்போ... அகில் போடும்போது கண்ணை மூடுவீங்களே அம்மா. முகம் மலருமே. அது எதனால?"

"போடுமுன்னால நீரு மோந்து பார்ப்பீருல்லா? அந்த மூச்சு எனக்குக் கேட்கும்."