கர்னல் மடியில் விழுந்த செவ்வந்தி

பாலைவனத்தில் போர்ப் பயிற்சி. தன் டாங்கியை எவனாலும் நெருங்க முடியாது என்று கர்னல் வீரபாகுவுக்கு ஏகப்பட்ட கர்வம். மன்னார்குடி வயல்களில் ட்ரோன் விட்டு மருந்தடிக்கும் செங்கமலத்தைப் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"டாங்கியோட நான் ஒளிஞ்சுக்கறேன். மத்தியானத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா உன் பொம்மையைத் தூக்கிட்டு ஊருக்கு நட!"

பனி விலகி வெயில் ஏறியது. மணல் தூங்கும் கடலாய்க் கிடந்தது. மேட்டின் மறைவில் மணல் நிறத்திலேயே நின்றது டாங்கி. அது வந்த தடம் மட்டும் வானத்துக்கு இழைக்கோலமாய்த் தெரிந்தது.

புழுக்கம் தாங்காமல் டாங்கியின் மூடியைத் திறந்தார் கர்னல். செங்கமலம் தலையில் வைத்திருந்த செவ்வந்தி, உயரே நின்ற ட்ரோனிலிருந்து மெல்லச் சுழன்று இறங்கி அவர் மடியில் விழுந்தது.

"யார் போட்டது?" ரேடியோவில் கத்தினார்.

"நான்தான் சார். பூவைப் போட்டதாலதான் உங்களால கேக்க முடியுது."